வேண்டுதலும் வண்டியும்

ஆபத்து வந்துவிட்டால் நாத்திகனும் கடவுளைக் கூப்பிடுவான் என்று ஆத்திக நண்பர்கள் சொல்வதுண்டு. சொல்லிவிட்டு, வழக்கில் ஜெயித்தவர்களைப் போல ஒரு சிரிப்பும் சிரிப்பார்கள். நான் முழு நாத்திகனும் அல்ல, முழு ஆத்திகனும் அல்ல. கோயிலுக்குப் போனால், வாசலில் விட்ட செருப்பு பத்திரமாக இருக்குமா என்று நினைத்துக்கொண்டே கும்பிடுகிற ரகம். அப்படிப்பட்ட என்னைச் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்து இரவு, இந்தக் கேள்வியின் நடுவே கொண்டுபோய் நிறுத்திவிட்டது. அன்று நான் கடவுளைக் கூப்பிட்டேனா என்றால், கூப்பிட்டேன். ஆனால் அது நண்பர்கள் நினைக்கிற மாதிரி அவர்கள் கட்சிக்குச் சாட்சியாகுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

என் மாமியார் வீடு ஒடுகத்தூரில் இருக்கிறது. வேலூரிலிருந்து அரியூர், ஊசூர், அணைக்கட்டு என்று தென்மேற்கே போனால் ஜவ்வாது மலையின் காலடியில் வருகிற ஊர். மேற்கே ஆம்பூரில் தோல் பதனிடுகிறார்கள், ஷூ தைக்கிறார்கள். அந்தத் தொழிலுக்கு இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறிப் போகிற பெண்கள் அநேகம். ஒடுகத்தூருக்கு வெள்ளிக்கிழமை என்றால் ஆட்டுச் சந்தை. முதல் நாள் இரவே தெருவில் ஆடுகளின் சத்தம் தொடங்கிவிடும். நான் சொல்கிற இரவு ஒரு வியாழக்கிழமை.

சாப்பிட்டுப் படுத்த பிறகு, பத்து மணி இருக்கும், என் மனைவி அடிவயிறு வலிக்கிறது என்றாள். "வாயு" என்றேன். கடையிலிருந்து சோடா வாங்கி வந்து கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில், "ஏங்க, தோள்பட்டை குத்துது" என்றாள். நான் வைத்தியசாலையே நடத்துகிறவன் போல, "வாயு மேலே ஏறியிருக்கிறது" என்று சொல்லி, அமிர்தாஞ்சனத்தை எடுத்துத் தோளில் தேய்த்தேன். அப்போது அவள் வயிற்றுக்குள் ரத்தம் தேங்கிக்கொண்டிருந்தது. தேங்கிய ரத்தம் உதரவிதானத்தை உறுத்தினால் வலி தோளில் தெரியும் என்பதைப் பிற்பாடு ஒரு டாக்டர் எனக்கு விளக்கினார். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் "காலையில் சரியாகிவிடும்" என்ற ஒரே சாஸ்திரம்தான். அதை நான் அன்றிரவு ஐந்தாறு முறை சொல்லியிருப்பேன்.

ஒன்றே முக்கால் மணி நேரம் இப்படிப் போயிற்று. கொல்லைப்புறம் போக எழுந்தவள் கதவருகே சரிந்து விழுந்தாள். சத்தம் கேட்டு மாமியார் ஓடி வந்தார். மகளின் கண்ணிமையைக் கீழே இழுத்து, திண்ணை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். வெள்ளாட்டுக்கு ரத்தம் இல்லை என்பதைக் கண்டுபிடிக்க அந்தப் பக்கத்தில் அப்படித்தான் பார்ப்பார்கள். பிறகு பூஜை அலமாரிக்குப் போய் ஒரு ரூபாய் நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு வந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏன் நிக்கறீங்க மாப்பிள்ளை? சாமியை நான் பாத்துக்கறேன். நீங்க வண்டியைப் பாருங்க" என்றார்.

இதுவரை வந்த வாசகர்களை இந்த இடத்தில் சற்று நிறுத்திவைக்க விரும்புகிறேன். பக்தி உள்ளவர்கள் விபூதி பூசிவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார்கள், படித்தவன்தான் வைத்தியத்துக்கு ஓடுவான் என்று நாம் கதைகளில் எழுதிவிட்டோம். நானே எழுதியிருக்கிறேன். அன்றிரவு நடந்தது நேர்மாறு. விதியின் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவன் படித்த நான். 'ஒன்றும் ஆகாது' என்பதும் ஒரு நம்பிக்கைதான். அதற்குக் கோயில் இல்லை, விரதம் இல்லை, காணிக்கை இல்லை. செலவில்லாத நம்பிக்கை என்பதால் அதை நாம் நம்பிக்கை என்றே கணக்கில் சேர்ப்பதில்லை. என் மாமியாருக்கு மாரியம்மன் மேல் இருந்த நம்பிக்கை அவரை எழுப்பி ஓட வைத்தது. எனக்கு உலகத்தின் ஒழுங்கின் மேல் இருந்த நம்பிக்கை என்னைப் படுக்கையில் கிடத்தியது.

எதிர் வீட்டுக்காரர் சந்தைக்கு ஆடு ஏற்றிப் போகிறவர். அவருடைய சின்ன வேன் வாசலிலேயே நின்றிருந்தது. பின்புறம் ஜமுக்காளம் விரித்து மனைவியைக் கிடத்தினோம். தலை மாமியார் மடியில், கால் என் மடியில். கழுவிவிட்டிருந்தாலும் ஆட்டு வாடை மூக்கைத் துளைத்தது. வேலூருக்கு வெகு தூரம். மாமியாரின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. எனக்கும் ஏதாவது சொல்லத் தோன்றியது. என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

நம்முடைய பழக்கத்தில் கணவனுக்காக மனைவி செய்ய வேண்டிய நோன்புகள் எத்தனையோ இருக்கின்றன. காரடையான் நோன்பு இருக்கிறது, வரலட்சுமி விரதம் இருக்கிறது. எமனைப் பின்தொடர்ந்து போய் வாதாடிக் கணவனை மீட்டு வந்த சாவித்திரியை வீட்டுக்கு வீடு தெரியும். மனைவி செத்துக்கொண்டிருக்கும்போது கணவன் சொல்ல வேண்டிய மந்திரம் எது? யாரும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. தேடிப் பார்த்தால் மகாபாரதத்தின் ஆதி பர்வத்தில் ஒருவன் அகப்படுகிறான். ருரு என்று பெயர். அவனுக்கு நிச்சயித்த பிரமத்வரை பாம்பு கடித்து இறந்துபோகிறாள். தன் ஆயுளில் பாதியை அவளுக்குக் கொடுத்தால் பிழைப்பாள் என்று தேவதூதன் சொல்ல, ருரு கொடுக்கிறான்; அவள் எழுந்து உட்காருகிறாள். இந்தக் கதைக்கு நாம் நோன்பும் வைக்கவில்லை, அடையும் தட்டவில்லை.

எனக்கு வண்டியில் அந்தக் கதைதான் நினைவுக்கு வந்தது. அரியூரை நெருங்கும்போது ஸ்ரீபுரம் வருகிறது. ஆயிரம் கிலோவுக்கு மேல் பொன் வேய்ந்து 2007-ல் கும்பாபிஷேகம் செய்த கோயில். அந்த நேரத்தில் கோயில் தெரியவில்லை, விளக்குகள்தான் தெரிந்தன. அந்தப் பக்கம் பார்த்து, "என் ஆயுளில் பாதியை எடுத்துக்கொள்" என்று மனத்துக்குள் சொன்னேன். சொன்ன மறுவினாடியே, நாற்பத்தைந்து வயதுக்காரனுக்குப் பாக்கியில் பாதி எவ்வளவு வரும், பெண்ணின் கல்யாணத்துக்கு இருப்போமா என்று மனம் கணக்குப் போட்டது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆபத்தில் பிறக்கிற பிரார்த்தனை தூய்மையானது என்று சொல்கிறவர்கள், தங்கள் பிரார்த்தனையை அருகிலிருந்து பார்த்ததில்லை போலும்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், ஒரு சின்னப் பரிசோதனை செய்தார். கருப்பைக்குள் தங்க வேண்டிய கரு குழாயில் தங்கி, குழாய் வெடித்துவிட்டது என்றார். உடனே அறுவை, இந்த இந்த இடத்தில் கையெழுத்து. கருவா? எங்களுக்கே தெரியாது. எங்களுக்கு ஒரே பெண். இரண்டாவது குழந்தை வேண்டும் என்று என் மனைவி மூன்று வருஷங்களுக்கு முன் அம்மன் கோயில் மரத்தில் மஞ்சள் துணியில் தொட்டில் கட்டியிருந்தாள். அதுவும் ஒரு பிரார்த்தனைதான். அதுவும் ஒருவிதத்தில் நிறைவேறித்தான் இருக்கிறது, தவறான இடத்தில். அவளைக் காப்பாற்றியது அம்மன் என்றால், குழாயில் கருவை வைத்தது யார்? இந்தக் கேள்வியை அறுவை அறையின் வாசலில் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு இன்று வரை பதில் கிடைக்கவில்லை. மாமியாரிடம் கேட்டபோது, "அதெல்லாம் கேக்கக் கூடாது மாப்பிள்ளை" என்று மட்டும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு வீட்டில் எந்த அறைக்குள் போகக் கூடாது என்று விருந்தாளிக்குச் சொல்வது போலச் சொன்னார்.

அறுவை நடந்துகொண்டிருந்தபோது எனக்கு வேலூரின் பழைய கதை ஒன்று நினைவுக்கு வந்தது. ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண், 1890-களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் பெற்றோரோடு தங்கியிருந்தார். தந்தை டாக்டர். மகளுக்கு இந்த நாட்டில் தங்கும் எண்ணமே இல்லை. ஓரிரவு மூன்று கணவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறொரு சாதி இந்து. மூவர் மனைவிகளும் பிரசவ வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார்கள். நீ வா என்று ஐடாவை அழைத்தார்கள். எனக்கு வைத்தியம் தெரியாது, என் அப்பா வருவார் என்றார் அவர். ஆண் டாக்டர் எங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடக் கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அந்த இரவு ஐடாவை டாக்டராக்கியது. 1900-ல் வேலூருக்குத் திரும்பி வந்து, ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். 1902-ல் பெண்களுக்கான ஆஸ்பத்திரி எழுந்தது. 1918-ல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளி. இன்று உலகமறிந்த கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி அதிலிருந்து வளர்ந்ததுதான்.

ஐடாவின் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். அந்த மூன்று கணவர்களின் கதையை யாரும் சொல்வதில்லை. மூடர்கள் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் அல்லர், நடுராத்திரியில் ஓடியவர்கள். வேற்று மதத்துக்காரர் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள். மனைவியின் மேல் அன்பில்லாதவன் அதைச் செய்வானா? அவர்கள் தடுக்கி விழுந்தது வாசற்படியில். நம்பிக்கைக்காக எதையும் தியாகம் செய்யலாம் என்பது அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட நியாயம். தியாகம் செய்யப்படுவது யாருடைய உயிர் என்று கேட்க அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. உள்ளே கிடந்த அந்தப் பெண்களை யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? கணவன் சொன்னதையே அவர்களும் சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்டதாகக் கதையில் வரவில்லை.

கேட்ட ஒருவரை நமக்குத் தெரியும். காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது கஸ்தூரிபாவுக்கு ரத்தப் போக்கு ஏற்பட்டு, டர்பனில் மயக்க மருந்து இல்லாமலே அறுவை செய்தார்கள். பிறகு பலவீனம் அதிகமானபோது மாட்டிறைச்சிச் சாறு கொடுத்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். காந்தி மனைவியிடமே போய்க் கேட்டார். வேண்டாம், உங்கள் மடியில் சாவேன் என்றார் கஸ்தூரிபா. மழையில், டாக்டரின் எச்சரிக்கையை மீறி, ரயிலேற்றி, ஸ்டேஷனிலிருந்து தூளியில் கிடத்தி ஆட்கள் சுமந்து பீனிக்ஸ் ஆசிரமத்துக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார். இதைத் தம் சுயசரிதையில் காந்தியே எழுதியிருக்கிறார். படிக்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறியும். கூடவே கோபமும் வரும். ஆனாலும் நம்பிக்கை அங்கே அவளுடையது, உடலும் அவளுடையது.

1944-ல் பூனா ஆகாகான் மாளிகைச் சிறையில் அதே கஸ்தூரிபா மரணப் படுக்கையில் இருந்தார். மகன் தேவதாஸ் பெனிசிலின் தருவித்திருந்தார். சில மணிகளுக்கு ஒரு முறை ஊசி போட வேண்டும் என்று தெரிந்ததும், இந்த நிலையில் எதற்கு அவளை வதைக்கிறாய், கடவுளை நம்பு என்று காந்தி மகனைத் தடுத்துவிட்டார். பிப்ரவரி 22-ஆம் தேதி கணவர் மடியில் கஸ்தூரிபாவின் உயிர் பிரிந்தது. மருந்து அந்தக் கட்டத்தில் காப்பாற்றியிருக்காது என்று சொல்கிறவர்கள் உண்டு, இருக்கலாம். சாகிறவரை ஊசியால் குத்தாமல் விடுவதும் ஒரு கருணைதான். ஆனால் இந்த முறை கேட்டு முடிவு செய்ததாகத் தெரியவில்லை. இதே காந்தி 1924-ல் தமக்குக் குடல்வால் நோய் வந்தபோது பூனா சசூன் ஆஸ்பத்திரியில் அறுவைக்கு உடன்பட்டிருக்கிறார் என்பதையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவர் கடவுளை நம்பித் தடுத்தார், நான் சோடாவை நம்பித் தூங்கப் பார்த்தேன்.

பிரார்த்தனை பலிக்கிறதா என்று தராசில் நிறுத்துப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். 1872-ல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேயர், நாடு முழுவதும் மன்னர்களின் நீண்ட ஆயுளுக்காகப் பிரார்த்திக்கிறதே, அவர்கள் அதிகம் வாழ்கிறார்களா என்று கணக்கெடுத்தார். வசதியுள்ள மற்றவர்களைவிடக் குறைவாகவே வாழ்ந்திருந்தார்கள். 2006-ல் அமெரிக்காவில் இருதய அறுவை செய்துகொண்ட 1,802 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. முன்பின் தெரியாதவர்கள் செய்த பிரார்த்தனையால் ஒரு பலனும் தென்படவில்லை. உனக்காகப் பிரார்த்திக்கிறார்கள் என்று உறுதியாகச் சொல்லப்பட்டவர்களில் நூற்றுக்கு 59 பேருக்குச் சிக்கல் வந்தது. பிரார்த்தனை உண்டோ இல்லையோ என்று சொல்லப்பட்டவர்களில் 51, 52 பேருக்கு. 'நமக்காகப் பிரார்த்திக்கும் அளவுக்கா நம் நிலைமை' என்று பயந்திருப்பார்களோ என்னவோ. என் மாமியாருக்கு இந்தக் கணக்கைச் சொன்னால், முகம் தெரியாதவர்கள் பேர் தெரியாதவர்களுக்கு வேண்டிக்கொண்டால் சாமிக்கு எப்படி அடையாளம் தெரியும் என்று கேட்பார்.

எனக்கு இந்தக் கணக்குகளைவிடப் பெரிய குழப்பத்தை உண்டாக்கியது ஒரு ரத்தப் பை. வயிற்றிலிருந்து எடுத்த ரத்தம் இரண்டு லிட்டர் என்றார் டாக்டர். நான்கு பை ஏற்றினார்கள். முதல் பையை ரத்த வங்கியிலிருந்து வாங்கிக்கொண்டு ஓடியவன் நான். படிக்கட்டில் மூச்சு வாங்க நின்றபோது அதன் மேலிருந்த சீட்டைப் படித்தேன். பிரிவு, எண், எடுத்த தேதி, காலாவதித் தேதி. எடுத்த தேதி பதினோரு நாட்களுக்கு முந்தியது. நான் ஸ்ரீபுரத்தின் விளக்குகளைப் பார்த்து மன்றாடியதற்குப் பதினோரு நாட்களுக்கு முன்பே, யாரோ ஒருவர் கையை நீட்டிப் படுத்து, ரத்தம் கொடுத்து, ஒரு டம்ளர் ஜூஸ் குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். என் மனைவிக்கு அன்றைக்கு வயிற்று வலி இல்லை. எனக்குப் பிரார்த்தனை இல்லை. கேட்கு முன்பே வந்துவிட்ட பதிலை என்னவென்று சொல்வது? ஆத்திகர் அதுதான் கடவுள் என்பார். நாத்திகர் அதுதான் மனிதன் என்பார். படிக்கட்டில் நின்ற எனக்கு இரண்டில் எதுவும் தப்பாகத் தோன்றவில்லை. இரண்டும் போதவும் இல்லை. அந்தப் பைக்குப் பின்னால் இன்னும் எத்தனை பேர்! ரத்தத்தில் பிரிவுகள் உண்டு என்று வியன்னாவில் லாண்ட்ஸ்டைனர் கண்டுபிடித்தது, ஐடா வேலூரில் ஒரு படுக்கை போட்ட அதே 1900-ஐ ஒட்டி. குழாய் வெடித்தவளை வயிற்றைத் திறந்து காப்பாற்றலாம் என்று லாசன் டெய்ட் இங்கிலாந்தில் காட்டியது 1883-ல். அதற்கு முன்பெல்லாம் என் மனைவி போன்றவர்கள் பெரும்பாலும் இறந்துதான் போனார்கள், அவர்கள் புருஷர்கள் எவ்வளவு வேண்டியும்.

திருமருகலில் பாம்பு கடித்து இறந்த செட்டிப் பிள்ளையைத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடி எழுப்பினார் என்பது நம் புராணம். அவனை நம்பி வீட்டைவிட்டு வந்த பெண்ணின் அழுகையைக் கேட்டு அவர் மனமிரங்கினாராம். அணைக்கட்டுப் பக்கத்து அல்லேரி மலையில், 2023 மே மாதம், பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்தது. அப்போது மலைக்குச் சரியான சாலை இல்லை. திரும்பும்போதும் ஆம்புலன்ஸ் மேலே ஏற முடியாமல், குழந்தையின் உடலைத் தாய் கையில் ஏந்தி நடந்தாள். அந்தத் தாய் வேண்டாத தெய்வம் இருந்திருக்குமா? இந்த மலைக் கிராமங்களில் பிரசவத்துக்குப் பெண்களை டோலி கட்டித் தூக்கி இறங்கியிருக்கிறார்கள். கஸ்தூரிபாவைச் சுமந்த அதே தூளி. ஒடுகத்தூர் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் அந்த மலை தெரியும். என் மனைவி பிழைத்ததற்கு என் மாமியாரின் அம்மன் காரணம் என்று நான் சொல்லும்போதெல்லாம், அந்த மலை கண்ணில் படுகிறது, நாக்கு தயங்குகிறது. எங்கள் அம்மன் தார்ச் சாலை உள்ள இடத்தில் மட்டும்தான் வருவாளா?

ஆனால் மாமியார் முடிந்த அந்த ஒரு ரூபாயை வீண் என்று சொல்லவும் எனக்கு மனமில்லை. அந்த முடிச்சைப் போட்ட பிறகுதான் அவர் கை நடுங்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவரால் என்னை அதட்ட முடிந்தது. வண்டியில் ஒரு தடவைகூட அழவில்லை. மகளின் தலையை அசையாமல் பிடித்திருந்தார். நான் அழுதேன், அவள் காலைச் சரியாகப் பிடிக்கக்கூட இல்லை.

விடிந்ததும், ஏற்றிய ரத்தத்துக்குப் பதிலாக யாராவது கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள். நானும் வேன்காரரும் கொடுத்தோம். அவருக்கு அன்றைக்குச் சந்தை போயிற்று. ருரு தன் ஆயுளில் பாதியைக் கொடுத்தான். என்னிடம் 350 மில்லி எடுத்துக்கொண்டு, போய் டீ சாப்பிடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். என் ரத்தம் யாருக்குப் போயிற்று என்று எனக்குத் தெரியாது. யாராவது ஒருவன் எந்தச் சாலையிலாவது வேண்டிக்கொண்டு வந்திருப்பான்.

ஆறேழு நாள் கழித்து வீட்டுக்கு வந்த பிறகு, ஒருநாள் மனைவியிடம் கேட்டேன்: "அன்றைக்கு வண்டியில் நீ என்ன வேண்டிக்கொண்டாய்?"

கொஞ்சம் யோசித்தாள். "நெனவு வந்து வந்து போச்சுங்க. ஆட்டு நாத்தம் தாங்கல. அவரு வண்டியில வாந்தி எடுத்துடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்" என்றாள்.

எடுக்கவில்லை.